பட்டத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா?

 



இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவில் இளங்கலை படிக்கும் நம் பிள்ளைகள் பலர். சிலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். சிலர் தமிழகத்திலிருந்து போனவர்கள். அவர்களில் நான்காம் வருடத்தில் இருக்கும் சிலருக்கு ஒரு யோசனை வருகிறது: "மே மாதத்தில் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் வாங்காமல் இன்னும் ஒரு வருடம் கல்லூரியிலேயே இருந்தால் மதிப்பெண் கூடும், ஆராய்ச்சி அனுபவம் கூடும், பிஎச்.டி.க்கு நல்ல இடம் கிடைக்கும். இப்படிச் செய்யலாமா?"

இதற்கும் ஜும்ஆ மேடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மறுமையில் ஓர் அடியானின் பாதங்கள் நகர்வதற்கு முன் நான்கு விஷயங்கள் கேட்கப்படும் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகிறது. ஆயுளை எதில் கழித்தாய், அறிவை வைத்து என்ன செய்தாய், பொருளை எங்கிருந்து சம்பாதித்து எதில் செலவிட்டாய், உடலை எதில் தேய்த்தாய் என்பவை அவை. ஒரு வருடம், ஒரு படிப்பு, அதற்கான பணம். அந்த நான்கில் மூன்று இந்த ஒரு முடிவுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. கல்லூரியின் ஆலோசகர் இந்தக் கேள்விகளைக் கேட்க மாட்டார். அது அவருடைய வேலையும் அல்ல.

முதலில் அந்த ஊர் நடைமுறையைப் புரிந்துகொள்வோம். அது தெரியாமல் பெற்றோர் கோபப்படுவதையும், தெரியாமலே சம்மதிப்பதையும் பார்க்கிறோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டம் பொதுவாக நான்கு வருடம், சுமார் 120 கிரெடிட். பிஎச்.டி. வகுப்புகள் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். ஆனால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே வந்துவிடும். ஆகவே படிப்பு முடிந்த கையோடு பிஎச்.டி.யில் சேர விரும்பும் மாணவர் நான்காம் வருடத்தின் டிசம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அவர் கையில் இருப்பது மூன்று வருட மதிப்பெண் மட்டும். ஆய்வேடு பாதியில் நிற்கும். பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய பேராசிரியருக்கு இவரைச் சில மாதங்களாகத்தான் தெரியும். மூன்றாம் வருடத்தில்தான் தனக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடித்த பிள்ளைக்கு இது உண்மையான இடர்ப்பாடு. முதல் வருடத்தில், வீட்டைவிட்டுப் போன புதிதில் வாங்கிய 'சி' கிரேடு அப்படியே முகப்பில் நிற்கும்.

அதனால் அவர் நினைக்கிறார்: ஐந்தாம் வருடம் ஒன்று இருந்தால், அதன் டிசம்பரில் விண்ணப்பிக்கும்போது நான்கு வருட மதிப்பெண்ணும், முடிந்த ஆய்வேடும், நன்கு அறிந்த பேராசிரியரின் கடிதமும் இருக்கும்.

கணக்கு சரிதான். ஆனால் இதில் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. மே மாதத்தில் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அதே டிசம்பரில் விண்ணப்பித்தாலும் அதே நான்கு வருட மதிப்பெண்தான் போகும். அதே ஆய்வேடு, அதே கடிதம். பிஎச்.டி.யில் சேரும் நாளும் ஒன்றே. நடுவில் இருக்கும் அந்த ஒரு வருடத்தை எங்கே உட்கார்ந்து கழிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். மாணவராக உட்கார்ந்தால் நாம் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறோம். ஓர் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் அவர்கள் நமக்குச் சம்பளம் தருகிறார்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர்களுக்கு ஆய்வகத்தில் முழுநேரம் வேலை செய்த ஒரு வருடம் சாதாரண விஷயமல்ல. இன்னும் நான்கு பாடத்தில் 'ஏ' வாங்கியதைவிட அது அவர்களுக்கு அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

மதிப்பெண்ணை உயர்த்தவே அந்த வருடம் வேண்டும் என்பவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடட்டும். 120 கிரெடிட் முடித்து ஜிபிஏ 3.3 வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இன்னும் ஒரு முழு வருடம், 30 கிரெடிட், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் 'ஏ' வாங்குகிறார். முடிவில் அவருடைய ஜிபிஏ 3.44. ஒரு வருட ஆயுளும் ஒரு வருடக் கட்டணமும் கொடுத்து வாங்கியது 0.14. அதுவும் ஒரு பாடத்திலும் தவறாமல் இருந்தால். நான்கு வருடமாகச் சேர்ந்த எடையை ஒரு வருடம் அவ்வளவு எளிதில் அசைக்காது.

இனி நம் முன்னோர்களிடம் போவோம். படிப்பு முடிந்துவிட்டது என்று வெளியே வருவதா, இன்னும் இருப்பதா என்ற இதே கேள்வி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கு வந்திருக்கிறது.

கூஃபா நகரில் ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் அவர்கள் ஏறக்குறையப் பத்து வருடம் பாடம் கேட்டிருந்தார்கள். தனியாக ஒரு பாட வட்டத்தைத் தொடங்கலாம் என்ற ஆசை வந்தது. அந்த எண்ணத்தோடு பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது ஆசிரியரைக் கண்டார்கள். அவரை விட்டுப் பிரிந்து உட்கார மனம் ஒப்பவில்லை. அவரருகிலேயே போய் உட்கார்ந்தார்கள். அன்றிரவே பஸராவில் ஆசிரியரின் உறவினர் ஒருவர் இறந்துவிட்டார், ஆசிரியரைத் தவிர வேறு வாரிசு இல்லை என்று செய்தி வருகிறது. ஹம்மாத் (ரஹ்) தம் இடத்தில் மாணவரை உட்காரச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். ஆசைப்பட்ட இடம், கேட்காமலேயே கிடைத்துவிட்டது.

இரண்டு மாதம். ஆசிரியரிடம் ஒருபோதும் கேட்டிராத கேள்விகளெல்லாம் வந்தன. அபூஹனீஃபா (ரஹ்) பதில் சொன்னார்கள். சொன்னதை எழுதியும் வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் திரும்பியதும் அந்த அறுபது பதில்களையும் முன்னால் வைத்தார்கள். நாற்பதில் ஆசிரியர் உடன்பட்டார். இருபதில் மாறுபட்டார். அந்த இருபதைப் பார்த்துவிட்டு, இவர் மரணிக்கும்வரை இவரைப் பிரிய மாட்டேன் என்று அபூஹனீஃபா (ரஹ்) உறுதி எடுத்ததாக வரலாற்று நூல்களில் அறிவிக்கப்படுகிறது. மொத்தம் பதினெட்டு வருடம் அவரிடம் இருந்தார்கள். ஹிஜ்ரி 120இல் ஆசிரியர் மறைந்தபோது மாணவருக்கு வயது நாற்பது.

இந்தச் செய்தியை நம் பிள்ளைகள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். "பாருங்கள், இமாமே தள்ளிப்போட்டார்கள்." ஆம், தள்ளிப்போட்டார்கள். ஆனால் எதைப் பார்த்து? ஊரில் தன்னை எப்படி மதிப்பார்கள் என்பதைப் பார்த்து அல்ல. தன் கையால் எழுதிய காகிதத்தில் இருபது இடத்தில் குறை இருந்ததைப் பார்த்து. அவர்களுக்குத் தன் குறை எண்ணிக்கையோடு தெரிந்திருந்தது. அந்தக் குறையை யாரிடம் உட்கார்ந்தால் தீர்க்கலாம் என்பதும் தெரிந்திருந்தது.

நீங்கள் அந்த மாணவராக இருந்தால் இதை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். உங்களுடைய இருபது எது? "எனக்கு ரியல் அனாலிசிஸ் தெரியாது. நான் போக விரும்பும் துறைக்கு அது இல்லாமல் முடியாது. அடுத்த வருடம் இந்தப் பேராசிரியர் அதை நடத்துகிறார்" என்று சொல்ல முடிந்தால் அது ஒரு பதில். "இன்னும் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும்" என்பது பதிலல்ல. வலுவாக இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு முடிவே கிடையாது. ஐந்தாம் வருட முடிவிலும் அது இதே வாசலில் நிற்கும்.

பல நேரம் இதற்குப் பின்னால் பயம் இருக்கிறது. கல்லூரி என்பது பழகிய இடம். அங்கே தோல்வி என்றாலும் ஒரு செமஸ்டரின் தோல்விதான். வெளியே வந்தால் "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்பவர்கள் அதிகம். திருமண வீட்டில் கேட்பார்கள், பெருநாள் தொழுகை முடிந்து முஸாஃபஹா செய்யும்போதும் கேட்பார்கள். மாணவன் என்று சொல்லிக்கொள்வது ஒரு நல்ல போர்வை. பயப்படுவது பாவமல்ல. ஆனால் பயத்துக்கு 'மேற்படிப்புத் திட்டம்' என்று பெயர் வைத்தால் அதற்கு மருந்து தேட முடியாமல் போய்விடும்.

சரி, ஒருவருடைய பதிவேட்டில் கறை இருக்கிறது. அதைத் துடைத்த பிறகே வெளியே வருவேன் என்று அவர் நினைப்பது தவறா? இதற்கு குர்ஆனில் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஓர் இடம் இருக்கிறது.

சில வருடங்கள் சிறையில் கழிந்தபின், மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்னதும் அவர்களை அழைத்துவர ஆள் வருகிறான். கதவு திறந்துவிட்டது. யூஸுஃப் (அலை) வெளியே வரவில்லை. உம்முடைய எஜமானரிடம் திரும்பிப் போய், கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்னவென்று விசாரிக்கச் சொல் என்கிறார்கள். விசாரணை நடக்கிறது. பெண்கள் உண்மையைச் சொல்கிறார்கள். அஸீஸின் மனைவியும் ஒப்புக்கொள்கிறாள். அதன் பிறகே அவர்கள் வெளியே வருகிறார்கள். வந்ததும் நாட்டின் களஞ்சியங்களுக்கே பொறுப்பாளராகிறார்கள்.

இந்த இடத்தைப் பற்றி நம் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. யூஸுஃப் இருந்த அளவு காலம் நான் சிறையில் இருந்திருந்தால், அழைக்க வந்தவனுக்கு உடனே பதிலளித்திருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். இது நபியவர்களின் பணிவு, யூஸுஃப் (அலை) அவர்களின் பொறுமைக்கு அவர்கள் தரும் பாராட்டு என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அது சரி. நமக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. திறந்த கதவு வழியாக உடனே போவதும் இழிவான செயலல்ல. காத்திருந்தவர் ஒரு நபி. நானாக இருந்தால் போயிருப்பேன் என்றவரும் ஒரு நபி. எனவே தள்ளிப்போட்டவரைச் சோம்பேறி என்றோ, உடனே போனவரை அவசரக்காரர் என்றோ முத்திரை குத்த நமக்கு உரிமையில்லை.

ஆனால் யூஸுஃப் (அலை) துடைக்கச் சொன்னது பிறர் தங்கள் மீது பூசிய பொய்யை. அது மற்றவர்கள் வாய் திறந்தால் மட்டுமே நீங்கும். உங்கள் முதல் வருட 'சி' கிரேடு அப்படிப்பட்டதல்ல. அது உண்மை. உண்மையைத் துடைக்க வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டுரையில் இரண்டு வரியில் நேராகச் சொல்லிவிடலாம்: அந்த வருடம் இப்படி இருந்தது, அதன்பின் இப்படி மாறினேன். நோய் காரணமாக இருந்தால், குடும்பத்தில் மரணம் காரணமாக இருந்தால், அதைப் பேராசிரியரே தம் கடிதத்தில் எழுதலாம். மறைக்க ஒரு வருடம் செலவிடுவதைவிட இது நேர்மையானது, மலிவானதும் கூட.

இவ்வளவு சொன்னபின், தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டம் வாங்கியதும் மூடிக்கொள்ளும் கதவுகள் சில உண்மையிலேயே இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் 'ஆர்.இ.யூ' என்ற கோடைகால ஆராய்ச்சித் திட்டம் இளங்கலையில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டுமே. அதுவும் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்கு. பட்டம் வாங்கியவர் அதில் சேர முடியாது. பட்டம் வழங்கப்பட்டபின் படிக்கும் பாடங்கள் பெரும்பாலும் இளங்கலை ஜிபிஏவில் சேராது. மூன்றாம் வருடத்தில் துறை மாறியவர், நோயால் ஒரு வருடத்தை இழந்தவர், பேராசிரியரோடு தொடங்கிய சோதனை பாதியில் இருப்பவர் ஆகியோருக்கெல்லாம் ஐந்தாம் வருடம் சரியான முடிவாக இருக்கலாம். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'டேக் ஃபைவ்' என்று ஒரு திட்டமே இருக்கிறது. தேர்வாகும் மாணவர் தம் முதன்மைத் துறைக்கு வெளியே ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்க, ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ கல்விக் கட்டணமில்லாமல் இருக்கலாம். அறிவின் மீதுள்ள ஆர்வத்துக்காகவே ஒரு வருடம் தருகிறார்கள். அப்படிக் கிடைத்தால் என் பிள்ளையை நான் தடுக்க மாட்டேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் தடை இங்கேதான் இருக்கிறது. ஆனால் வெளியே சொல்வதில்லை.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒப்பந்தம் செய்தது எட்டு வருடத்துக்கு. பத்தாகப் பூர்த்தி செய்தால் அது உம்முடைய விருப்பம் என்று அந்தப் பெரியவர் சொல்கிறார். மூஸா (அலை) இரண்டில் நீண்டதையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக புகாரியில் வருகிறது. கூடுதலான அந்த இரண்டு வருடத்தின் உழைப்பு அவர்களுடையது. அதன் விலையை வேறு யாரும் கொடுக்கவில்லை. நம் பிள்ளையின் கூடுதல் வருடத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? ஊரில் இருக்கும் வாப்பா இன்னும் ஒரு வருடம் வளைகுடாவில் இருக்க வேண்டியிருக்கிறதா? தங்கையின் படிப்புக்கு வைத்திருந்த பணமா? பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த உதவித்தொகையை எட்டு செமஸ்டரோடு நிறுத்திக்கொள்ளும். ஒன்பதாவது செமஸ்டரின் முழுச் சுமையும் வீட்டின் மீது விழும். இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் "ஒரு வருடம்தானே அத்தா" என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் பணம் கடனாக வந்தால் விஷயம் இன்னும் கடுமையாகிறது. அமெரிக்க அரசின் மாணவர் கடனுக்கு வட்டி உண்டு. அதில் ஒரு வகையில், மாணவர் படித்துக்கொண்டிருக்கும்போது வட்டியை அரசு ஏற்கும். இன்னொரு வகையில் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடும். அடிப்படைப் பட்டத்துக்கே வேறு வழியில்லாத நிலையில் இத்தகைய கடனைப் பற்றி உலமாக்களிடையே பேச்சு இருக்கிறது. அதை உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு வருடத்தில் முடிக்க முடிந்த ஒன்றை, இன்னும் மெருகேற்ற வேண்டும் என்பதற்காக ஐந்தாம் வருடம் வட்டிக் கடன் வாங்குவதை நிர்ப்பந்தம் என்று சொல்ல எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை. அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். வட்டியில்லாத வாசல் முன்னால் திறந்திருக்க, அதற்குப் போகும் வழியில் வட்டியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?

எஃப்-1 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஐ-20 தாளில் படிப்பு முடியும் தேதி இருக்கிறது. அதை நீட்டிக்க, தாமதத்துக்குத் தக்க கல்விக் காரணமோ மருத்துவக் காரணமோ இருக்க வேண்டும் என்பது விதி. துறை மாறியது, ஆராய்ச்சியில் எதிர்பாராத சிக்கல், ஆவணத்தோடு கூடிய நோய் போன்றவை அதில் வரும். தேதி முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். சிலர் இதற்காகவே கடைசி ஒரு பாடத்தை வேண்டுமென்று விட்டுவைக்கிறார்கள். இல்லாத காரணத்தை உருவாக்கி வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய்ச் சொல்கிறார்கள். "எல்லாரும் செய்வதுதான்" என்கிறார்கள். விசா என்பது நீங்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பொய்யில் வாங்கிய வருடத்தில் என்ன பரக்கத்தை எதிர்பார்ப்பது?

தவிர, இவர்களுக்குப் பொய் தேவையே இல்லை. பட்டத்துக்குப் பின் சொந்தத் துறையில் வேலை செய்ய 12 மாத ஓபிடி அனுமதி இருக்கிறது. தகுதியான அறிவியல், பொறியியல் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளர் வேலையும் இதில் அடங்கும். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்வரை விண்ணப்பிக்கலாம். முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. எனவே வேலையைத் தேடும் பணி நான்காம் வருடத்தின் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். பட்டமளிப்பு மேடையில் தொப்பி போட்டுக்கொண்டபின் அல்ல. விதிகள் மாறக்கூடியவை. உங்கள் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், நண்பன் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சகோதரிகள் விஷயத்தில் இன்னொன்று நடக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. "படிப்பு முடியட்டும், பிறகு நிக்காஹ்" என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மேலே படிக்க ஆசை. அதை வெளியே சொல்ல வழியில்லாததால் படிப்பை முடிக்காமல் இழுக்கிறாள். அங்கே ஐந்தாம் வருடம் பிஎச்.டி. விண்ணப்பத்துக்கானதே அல்ல, வீட்டில் நடக்காத ஓர் உரையாடலுக்கானது. பெண்ணின் சம்மதமில்லாமல் நிக்காஹ் இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்தச் சம்மதத்தில் "எப்போது" என்பதும் சேர்ந்ததுதான். ஓர் உரையாடலுக்குப் பதிலாக ஒரு வருடக் கட்டணம் கட்டும் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்ல?

இஸ்திகாரா பற்றிக் கேட்பீர்கள். ஸஹாபாக்களுக்கு குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்றுத்தருவது போல நபி (ஸல்) இதைக் கற்றுத்தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நம்மில் பலர் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கனவுக்குக் காத்திருக்கிறோம். பச்சை நிறம் தெரிந்தால் போகலாம், கறுப்பு தெரிந்தால் வேண்டாம் என்று. ஹதீஸில் கனவு பற்றிய பேச்சே இல்லை. ஒருவர் ஒரு காரியத்தை நாடும்போது தொழச் சொல்கிறது ஹதீஸ். நாட்டம் முன்னால் வருகிறது. அதாவது விசாரிக்க வேண்டியதை விசாரித்து, பேராசிரியரிடம் "இந்த டிசம்பரிலேயே விண்ணப்பித்தால் எனக்கு உங்களால் எவ்வளவு வலுவான கடிதம் எழுத முடியும்?" என்று நேராகக் கேட்டு, கட்டணக் கணக்கைப் பார்த்து, மனம் ஒரு பக்கம் சாய்ந்தபின் தொழ வேண்டும். அந்த துஆவில் கேட்பதும் அதுதான்: மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் இது நன்மை என்றால் எளிதாக்கு, தீமை என்றால் என்னை விட்டு இதையும், இதை விட்டு என்னையும் திருப்பு, நன்மை எங்கிருந்தாலும் அதில் எனக்குத் திருப்தியைக் கொடு. தொழுதபின் அந்தக் காரியத்தில் இறங்க வேண்டும். வழி எளிதாகிறதா, அடைபடுகிறதா என்பது நடக்கும்போது தெரியும்.

எந்த முடிவெடுத்தாலும் வருத்தம் வரக்கூடும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நேரத்துக்குப் பட்டம் வாங்கி எட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி எட்டும் மறுத்தால், "ஒரு வருடம் இருந்திருக்கலாமே" என்று தோன்றும். இருந்தும் மறுத்தால், "அந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருக்கலாமே" என்று தோன்றும். பயனளிப்பதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, முடங்கிவிடாதே, ஏதேனும் நேர்ந்தால் 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே, அந்தச் சொல் ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறந்துவிடும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. அந்த 'இருந்தால்' பெற்றோரின் வாயிலிருந்தும் வரக் கூடாது. மறுப்புக் கடிதம் வந்த வீட்டில், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எங்கே இடம் கிடைத்தது என்பதை அன்றைய இரவு உணவின்போது பேச வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்று. தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தால் வீட்டில் முதலில் சொல்லுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் உம்மாவுக்கு ஏப்ரலில் சொல்லாதீர்கள். செப்டம்பரிலேயே சொல்லுங்கள். எவ்வளவு செலவு, யார் கொடுப்பது, அந்த வருடத்தில் என்ன படிக்கப்போகிறீர்கள், அது கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பெற்றோர்களே, பிள்ளை அப்படி வந்து பேசினால் முழுவதும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு மாமாமார்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம். அங்கே நேரம் என்ன என்று பார்த்து, பிள்ளைக்கு வகுப்பில்லாத ஒரு மாலையில், நீங்கள் இருவரும் மட்டும் போனில் பேசுங்கள்.